ஆற்றோரக் காணியும் பத்து லோட் கிரவலும்

கேள்வி: ஐயா, ஆற்றுக்குக் கிழக்கே எழுவான்கரையில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஆற்றோரமாக 40 பேர்ச் காணி ஒன்று பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். முன்பாதி பழைய வயல். ஏழெட்டு வருடமாக வெள்ளாண்மை இல்லை. பின்பாதி கண்ணா என்கிற சதுப்புநில மரப் பற்றையோடு ஆறு வரைக்கும் போகிறது. “உறுதி சுத்தம், மூன்றடி உயர்த்தப் பத்து லோட் கிரவல் போதும், மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்” என்கிறார் தரகர். பக்கத்துக் காணிக்காரரும் அப்படித்தான் நிரப்பி வீடு கட்டியிருக்கிறார், ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் காசு தருகிற அக்கா நியூஜெர்சியில் இருக்கிறார். அவருடைய வீட்டுப் பின்வளவில் ஒரு மரத்தளம் போடப் போனபோதே, ஈரநிலம் என்று சொல்லி மாநில அரசிடம் அனுமதி எடுக்கச் சொன்னார்களாம். “எல்லாம் விசாரித்துவிட்டு வாங்கு” என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். சொந்த உறுதிக் காணியில் மண் போட எதற்கு அனுமதி? எடுக்கத்தான் வேண்டுமென்றால் எந்தக் கந்தோரில்?
— மட்டக்களப்பு வாசகர்

பதில்:

தம்பி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கேட்கிறீர்கள். பரவாயில்லை, மண் கொட்டமுன் கேட்டீர்களே. கொட்டிய பிறகு வருகிறவர்கள்தான் நில அளவையாளனான என்னிடம் அதிகம்.

தரகரின் பத்து லோட்டை முதலில் பார்த்துவிடுவோம். 40 பேர்ச் என்பது கால் ஏக்கர், அதாவது 10,890 சதுர அடி. அதை மூன்றடி உயர்த்த 32,670 கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு கியூப், ஆக 327 கியூப். டிப்பர் ஒன்று மூன்று கியூப் ஏற்றினால் 109 லோட். வயல் மண்ணில் கிரவல் அமிழும் என்பதையும் சேர்த்தால் அதற்கு மேலேயும் போகும். பத்து லோட்டில் வீட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்த ஒரு திட்டுப் போடலாம். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை உங்கள் பொக்கற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. எதற்கு அனுமதி என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. 32,670 கன அடி கிரவல் போய் உட்காருகிற இடத்தில் இதுவரை மாரிக்கு மாரி தண்ணீர் உட்கார்ந்திருந்தது. அது ஒன்பது இலட்சம் லீற்றருக்கு மேல். 9,000 லீற்றர் பவுசர் நூறை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். நீங்கள் நிரப்பியதும் அந்தத் தண்ணீர் மாயமாகிவிடாது, பக்கத்து வளவுக்குப் போகும். அனுமதி கேட்கிற கந்தோர் எதுவானாலும், படிவம் எந்த நிறமானாலும், அடியில் இருக்கிற கேள்வி இதுதான்: உன் மண் வந்ததும் அங்கே இருந்த தண்ணீர் எங்கே போகும்?

நம்முடைய ஆற்றின் விசேஷம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஊரில் ஆறு என்கிறோம். வரைபடத்தில் அது களப்பு, வாவி என்றும் சொல்வோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கு வாய் இரண்டே இடத்தில்: பாலமீன்மடுவில் ஒன்று, கல்லாற்றுப் பக்கம் ஒன்று. கோடையில் அந்த வாய்களை மணல் மூடிவிடும். கார்த்திகையில் மழை பிடித்து, உன்னிச்சைக் குளத்திலும் நவகிரிக் குளத்திலும் வான்கதவு திறந்ததும் மேற்கே படுவான்கரைத் தண்ணீர் முழுவதும் வாவிக்குள் இறங்கும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால்தான் அது கடலுக்குப் போக வழி. எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரருக்கும் மீன்காரருக்கும் வருடா வருடம் இழுபறி. வெள்ளாண்மை அழுகமுன் வெட்டு என்பார் ஒருவர். அவசரப்பட்டு வெட்டினால் தண்ணீரோடு இறாலும் போய்விடும் என்பார் மற்றவர். இரண்டு பேரிலும் பிழை இல்லை. வாய் திறக்கும்வரை அந்தத் தண்ணீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். அது காத்திருக்கிற மண்டபம்தான் வாவியோரப் பள்ளக்காணிகள், பன்னும் கோரையும் வளர்ந்த சதுப்புகள், வட்டைகள் என்கிற வயல்வெளிகள். அந்த மண்டபத்தின் ஒரு மூலையைத்தான் நீங்கள் விலை பேசியிருக்கிறீர்கள்.

2011 தை மாத வெள்ளத்தில் நாடு முழுவதும் பத்து இலட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நம்முடைய மாவட்டமும் அம்பாறையும் தாழ்ந்துபோய்க் கிடந்தன. அப்போது ஓர் அளவை வேலை தொடர்பாக ஒரு வீட்டுக்குப் போனேன். நன்றாக உயர்த்திக் கட்டிய வீடு. விறாந்தைத் தரை காய்ந்திருந்தது, கோலம்கூட அழியவில்லை. அந்த வீட்டுக்காரர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் மதிலுக்கு மேலால் காட்டினார். பின்வீட்டு ஜன்னலில் பாதிக்குத் தண்ணீர். அங்கே அறுபது வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது. முற்றத்துக்கு மேலே தண்ணீர் ஏறி ஒருநாளும் கண்டதில்லையாம். “நான் என் காணிக்குள்தானே மண் போட்டேன்” என்றார் இவர். உண்மைதான். எல்லைக்கல்லை ஓர் அங்குலம்கூட இவர் தாண்டவில்லை.

சரி, உறுதிக்கு வருவோம். காணி யாருடையது என்றுதான் உறுதி சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்பது அதில் இல்லை. “உறுதி சுத்தம்” என்ற சொல்லுக்கு அதற்கு மேல் பெறுமதி இல்லை. அதிலும் ஆற்றோரக் காணி உறுதியை எடுத்தால் எல்லையைப் பாருங்கள். “மேற்கு: ஆறு” என்று இருந்தால் அங்கேதான் கரைச்சல் தொடங்கும். ஆறு ஒரே இடத்தில் நிற்கிற எல்லையா? ஆவணியில் ஓர் இடத்தில் நிற்கும், மார்கழியில் முப்பது யார் தூரம் உள்ளே வந்திருக்கும். ஆவணியில் காட்டுகிற எல்லையைத்தான் தரகர் காட்டுவார். வாவியும் அதன் ஒதுக்குநிலமும் அரசுடையவை. அரச காணிகள் கட்டளைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கம், அதைப் பற்றியதுதான். எத்தனை வருடம் வேலி போட்டு ஆண்டாலும் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது. ஆகவே பின்பாதிக்கு யாராவது “ஆட்சி உறுதி” எழுதித் தருகிறேன் என்றால் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அரச காணியில் இருப்பவருக்கு 30 நாள் அவகாசம் கொடுத்து வெளியேறச் சொல்லலாம். போகாவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீங்கள் காட்ட வேண்டியது அரசு தந்த செல்லுபடியான பத்திரம் ஒன்று. தரகரின் சத்தியம் அங்கே எடுபடாது.

முன்பாதியைப் பார்ப்போம். பழைய வயல் என்கிறீர்கள். ஏழெட்டு வருடம் விதைக்காவிட்டால் வயல் மேட்டுநிலம் ஆகிவிடும் என்று ஓர் எண்ணம் ஊரில் இருக்கிறது. ஆகாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் வயற்காணியை நிரப்பவோ, அதில் கட்டடம் எழுப்பவோ முடியாது. உங்கள் முதல் படி அதனால் கமநல சேவை நிலையம். வயற்காணிப் பதிவேட்டில் அந்தத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டைவிதானையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மேல்வயலில் இருந்து வடிகிற வாய்க்கால் உங்கள் துண்டுக்குள்ளால் போகிறதா என்பது எந்த வரைபடத்தையும்விட அவருக்குத் தெரியும்.

பின்பாதிக்குக் கரையோரச் சட்டம் வரும். இதைக் கேட்டால் பலரும் “கடலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், நான் ஆற்றுப் பக்கம்தானே” என்கிறார்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தில் கரையோர வலயம் என்பது உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர். ஆனால் கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடர்பு உள்ள ஆறு, களப்பு எல்லாவற்றுக்கும் அந்த வலயம் உள்ளே நீளும். 2011 திருத்தம் அந்த நீர்நிலைகளின் ஓரத்தையும் 100 மீற்றர் வரை சேர்த்துக்கொண்டது. “இடைக்கிடை” என்ற சொல்லைக் கவனியுங்கள். கோடையில் மூடி மாரியில் திறக்கிற நம்முடைய முகத்துவாரத்தைப் பார்த்து எழுதினதுபோல் இருக்கிறது. உங்கள் துண்டு அந்தக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை அளவை வரைபடத்தை வைத்துக் கரையோரம் பேணல் திணைக்களம்தான் தீர்த்துச் சொல்ல வேண்டும். நான் கண்ணால் பார்த்துச் சொல்ல மாட்டேன், தரகரும் சொல்லக்கூடாது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சில சிறு வேலைகளுக்கான அனுமதி அதிகாரம் அங்கே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வலயத்துக்கு உள்ளே என்றால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண் கொட்டுவதும் குற்றம், கட்டியதை அகற்றச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அந்தப் பத்திரத்தை எதை வைத்துக் கொடுப்பார்கள், எதை வைத்து மறுப்பார்கள் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. செய்யப்போகிற வேலை கரையோரத்தின் நிலைத்தன்மையையும் விளைதிறனையும் சுற்றாடல் தரத்தையும் கெடுக்கக்கூடாது. வாசிக்க அரசாங்கத் தமிழ் மாதிரித்தான் இருக்கும். கண்ணாப் பற்றைக்குப் பக்கத்தில் போய் நின்று வாசித்தால் விளங்கும். கரைமண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர், அது நிலைத்தன்மை. வேர்களுக்கிடையில் கலங்கல் தண்ணீரில் கையை விட்டால் ஊசி ஊசியாக இறால் குஞ்சு, அது விளைதிறன். உங்கள் மலசலகூடக் குழி வாவிக்கு எத்தனை அடி தூரம் என்பது சுற்றாடல் தரம். பற்றையை பெக்கோ இயந்திரம் வைத்து ஒரு காலையில் வழித்துவிடலாம். ஆனால் அடுத்த மாரியில் கரை கரையும், வலைக்காரர் உங்களைத் திட்டுவார்கள், உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் குடிக்க முடியாமல் போகும்.

கடலோரத்துக்கும் இதே கேள்விதான், தண்ணீருக்குப் பதில் மணலைப் பற்றி. மணல் நம்முடைய கரையோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒலுவிலைப் பார்த்திருப்பீர்கள். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். அலைதடுப்புக் கற்சுவர் கடலுக்குள் நீண்டது. தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கே மறிபட்டது. தெற்குப் பக்கம் மணல் சேர, துறைமுக வாயும் அடைபட, வடக்குப் பக்கம் ஒலுவில் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. தென்னந்தோட்டம் போயிற்று, நிந்தவூர் வரைக்கும் அந்தக் கவலை போயிற்று. துறைமுகம் கட்டியது ஒரு காணிக்குள். கரை போனது வேறு ஆட்களுடைய காணியில். மதிலுக்கு மேலால் நான் பார்த்த அதே பின்வீட்டுக் கதை, அளவு மட்டும் பெரிது.

கோடு ஒன்றைக் கீறி, இதற்கு உள்ளே எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டால் எளிதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் பார்த்தோம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று கோடு போட்டார்கள். 2005இல் கட்டையும் நாடாவுமாக நானும் கரையோரம் நடந்தவன். கரைவலைக்காரரிடம் போய் “உங்கள் வளவு கோட்டுக்கு உள்ளே” என்று சொல்வது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். மனைவியையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர், வீட்டின் அத்திவாரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் கட்டை அடிப்பேன். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை மாதிரி இடத்தில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே இருக்கிற மண்ணே ஒடுக்கம். 200 மீற்றரை எடுத்துவிட்டால் ஆட்கள் எங்கே போவது? வயலுக்குள்தான், கரைவாகு வட்டைப் பக்கம்தான். கடலிடமிருந்து காப்பாற்றப் போட்ட கோடு ஆட்களை வெள்ளத்துக்குள் தள்ளியது என்று சொன்னால் மிகைப்படுத்தல் இல்லை. பிறகு அந்தக் கோட்டைக் கைவிட்டு, கரையிலிருந்து விடவேண்டிய, இடத்துக்கு இடம் வேறுபடுகிற பின்வாங்கல் தூரங்களுக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு காணியையும் தனித்தனியாகப் பார்த்துக் கொடுக்கிற அனுமதிமுறைதான் நியாயம் என்பது என் எண்ணம். அதற்கு நேரமும் நேர்மையும் வேண்டும் என்பதும் உண்மை.

அக்கா சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. நியூஜெர்சியில் 1987இல் நன்னீர் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். கரையோரக் கட்டடங்களுக்கு 1973இலேயே தனிச்சட்டம். அங்கே காணி வாங்கமுன்னமே மாநிலச் சுற்றாடல் திணைக்களத்துக்கு எழுதி, இந்தத் துண்டில் ஈரநிலம் இருக்கிறதா, எந்தக் கோடு வரைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடிதம் ஐந்து வருடம் செல்லும். ஈரநிலத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளியும் தரத்தைப் பொறுத்தது: அருகிவரும் உயிரினம் வாழ்கிற உயர்ந்த தரம் என்றால் 150 அடி, நடுத்தரம் என்றால் 50 அடி. இன்னொரு சங்கதி: அடிக்கடி வெள்ளம் ஏறுகிற வீடுகளை அந்த மாநிலம் 1995 முதல் ஒரு திட்டத்தின் கீழ் விலைக்கு வாங்கி, இடித்து, நிலத்தை மீண்டும் ஆற்றுக்கே விட்டுவிடுகிறது. 2012இல் சாண்டி புயல் அடித்த பிறகு அது இன்னும் பெரிதாக நடந்தது. ஒரு காலத்தில் கட்டவிட்டதற்குப் பின்னால் வந்த சந்ததி காசு கட்டுகிறது. நமக்கு அந்தக் காசு எங்கே?

நம்மிடம் அப்படி ஒரே மேசையில் கேட்டு ஒரே கடிதமாக வாங்க வழியில்லை. வயலுக்கு ஒரு கந்தோர், கரைக்கு ஒன்று, வாவி ஒதுக்குக்கு ஒன்று, கட்டட விண்ணப்பத்துக்குப் பிரதேச சபை, கிரவல் தோண்டவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் பத்திரம். ஒரு கந்தோரில் “ஆட்சேபனை இல்லை” என்று வாங்கினால் மற்றக் கந்தோருக்கும் சேர்த்து வாங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். பிரதேச சபை கட்டட வரைபடத்துக்குக் கையெழுத்து வைத்தாலும் வயல் நிரப்ப அனுமதி வந்ததாகாது. இன்னொரு குழப்பமும் உண்டு. நம்மவர்கள் பேர்மிற் என்றால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பேர்மிற் காணியைத்தான் நினைப்பார்கள். “என்னிடம் பேர்மிற் இருக்கிறது” என்று காட்டுவார்கள். அது காணியை வைத்திருக்கத் தந்தது. நிரப்பத் தந்ததல்ல.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வந்த ஒழுங்குவிதிப்படி, பொதுவாக 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பப் போனால் சுற்றாடல் அறிக்கை வேண்டும். பொது நீர்நிலையின் உயர் வெள்ளக் கோட்டிலிருந்து 100 மீற்றருக்கு உள்ளே போன்ற சில இடங்களுக்கு அளவுக் கணக்கு இல்லை. தாளில் சரி. ஆனால் வீடு கட்ட 40 பேர்ச் வாங்கிய ஒருவரை அந்த மேசையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. உங்களைப் போல நாற்பது பேர் ஆளுக்கு 40 பேர்ச் நிரப்பினால் 10 ஏக்கர்; அது 4 ஹெக்டேயருக்குச் சற்று மேல். ஒரு கம்பனி அதை நிரப்ப வந்தால் ஊரே மறியலுக்கு உட்காரும். நாற்பது சொந்தக்காரர் நாற்பது மாரியில் நிரப்பினால் யாருக்கும் தெரியாது, வெள்ளத்துக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கத்துக் காணிக்காரரை ஒருவரும் கேட்கவில்லை என்கிறீர்கள். அவரிடம் அனுமதி இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியுமா? 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திலும் கமநல நிலையத்திலும் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். இல்லை என்று தெரியவந்தால், கேள்வி அவர் மேல் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். விற்கப் போகும்போது, வங்கியில் கடனுக்குப் போகும்போது, பின்வீட்டுக்காரர் வழக்குப் போடும்போது வரும்.

நானும் யோக்கியன் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய காணியைத் துண்டாடி வரைபடம் கீறினேன். ஆவணி மாதம், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு மெல்லிய பள்ளம் போனது. மாட்டுத்தடம் என்று நினைத்துக்கொண்டு அதன் குறுக்கே இருபதடி வீதியைப் போட்டேன். மதகு போடச் சொல்லவில்லை. மார்கழியில் அந்த “மாட்டுத்தடம்” இடுப்பளவு தண்ணீரோடு ஓடியது. ஒரு ராத்திரி மேற்குப் பக்கத்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்து வீதியை வெட்டிவிட்டார்கள். விடிய, காணிக்காரர் என் வீட்டு வாசலில். வெட்டியவர்களில் ஒருவர் என் அம்மாவின் வழியில் மாமா முறை. “மருமகன், படத்தை மழையில வந்து கீறியிருக்கலாமே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதன்பிறகு பள்ளக்காணி எதையும் ஒரு மாரி பார்க்காமல் நான் கையெழுத்து வைப்பதில்லை.

வீதியும் விளையாட்டல்ல. காரைதீவிலிருந்து அம்பாறை போகிற வீதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்கிற தாழ்நிலத்தைக் குறுக்கறுத்துத்தான் போகிறது. 2024 நவம்பரில் அங்கே மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப்போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு மண்வெட்டியோடு காணிக்குப் போங்கள். முன்பாதியில் ஒன்று, பின்பாதியில் ஒன்று என்று முழங்கையளவு ஆழத்தில் இரண்டு குழி வெட்டுங்கள். மண் சாம்பல் நிறமாக, நடுநடுவே துருப்பிடித்த மாதிரிச் செம்புள்ளியோடு வந்தால், வருடத்தில் பல வாரம் தண்ணீரில் ஊறுகிற மண் அது. கறுத்து, கூழ்முட்டை மணம் அடித்தால் இன்னும் மோசம். அப்புறம் சுற்றிப் பாருங்கள். பாய் இழைக்கிற பன், கோரை, தில்லை, கண்ணா நிற்கிற இடத்தை மேட்டுநிலம் என்று ஒருவர் விற்க வந்தால் நம்பாதீர்கள். மண்ணையும் செடியையும் தண்ணீரின் அடையாளத்தையும் பார்த்துத்தான் அக்காவின் ஊரிலும் ஈரநிலக் கோட்டைக் கீறுகிறார்கள். அதற்கு மிஷின் ஒன்றும் தேவையில்லை. பக்கத்து வேலித்தூண்களில் போன வெள்ளத்தின் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு நாடா வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு குழியும் மோசம் என்றால் காணியை விட்டுவிடுங்கள். முன்பாதியின் ஒரு பகுதி தேறினால், நிரப்பாமல் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். நிலத்தை உயர்த்துவதற்குப் பதில் வீட்டைத் தூண்களில் உயர்த்துங்கள். தண்ணீர் அடியால் போய்வரும். பின்பாதிக் கண்ணாவைத் தொடவே வேண்டாம். 109 லோட்டுக்கான காசில் தூண்களுக்குப் பெரும்பகுதி கம்பியும் சீமெந்தும் வந்துவிடும் என்று என் கணக்கு. அப்படி ஒரு வரைபடத்தோடு அனுமதிக்குப் போகிறவரிடம் அதிகாரிகள் பேசுகிற தொனியே வேறாக இருக்கும். அதற்கும் முன்சொன்ன அனுமதிகள் வேண்டும், மறந்துவிடாதீர்கள். மலசலகூடக் குழி எங்கே, கிணறு எங்கே என்பதையும் அதே வரைபடத்தில் கீறச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கிற மண்ணில் இரண்டும் ஒரே தண்ணீரைத்தான் பகிரும்.

அட்வான்ஸ் விஷயம். வெறும் தாளில் எழுதி வாங்கிய ரசீதா, நொத்தாரிசு முன்னால் எழுதிய உடன்படிக்கையா? அசையாச் சொத்துக்கு 1840ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நிற்கிறது. நொத்தாரிசு உறுதிப்படுத்தாத விற்பனை உடன்படிக்கை சட்டத்தில் நிற்காது. நொத்தாரிசிடம் போய், கமநல அனுமதியும் கரையோர அனுமதியும் கிடைத்தால் மட்டும் விற்பனை, கிடைக்காவிட்டால் முற்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனையைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்தக் காணியைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரியும்.

வரைபடத்தின் பிரதி ஒன்று இருந்தால் அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதில் மேற்கு எல்லையில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மாதத்தில் அளந்திருக்கிறார்கள், இந்த இரண்டையும் முதலில் பார்த்துவையுங்கள்.